பத்து கேள்வி எழுதிக்கொண்டு வா: உளவியல் ஜூனியர்களுக்கு சீனியராக இருப்பது எப்படி

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து உளவியல் படிக்கப் போனவர்கள் குறைவுதான். ஆனால் போன ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது இந்த போன் வந்துவிடும்: "அக்கா, பிராஜெக்ட்டுக்கு ஒரு டாபிக் சொல்லுங்கக்கா." மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஹாஸ்டலில் இருந்துகொண்டு, சினாப்சிஸ் கொடுக்க நாலு நாள் இருக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். நான் மனிதர்களின் கவனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி பிஎச்.டி செய்துகொண்டிருக்கிறேன், கேட்கிறவர்களுக்கோ தூக்கம், ஞாபகம், குழந்தைகள், துக்கம் என்று ஆளுக்கொரு ஆசை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம் என்று இதுவரை ஏழெட்டுப் பேருக்கு சீனியராக இருந்திருக்கிறேன். அதில் ஒன்றை நானே கெடுத்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்களும் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்வீர்கள்.

டாபிக் கேட்டால் டாபிக் கொடுக்காதீர்கள். அதுவும் உங்கள் டாபிக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதலில் வந்த தம்பிக்கு, தன் தெருப் பையன்கள் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஏன் மீன்பிடி போட்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் அதைக் காதில் வாங்காமல், என் பெட்டியில் தயாராக இருந்த ஸ்ட்ரூப் சோதனையை எடுத்துக் கொடுத்தேன். 1935-இல் ஸ்ட்ரூப் வெளியிட்டது, உளவியல் படித்த எல்லாருக்கும் தெரியும்: 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சடித்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். ராத்திரி மீன்பிடித்துவிட்டு வருகிறவர்கள் களைப்பில் அதிகம் தடுமாறுவார்களா என்று பார்க்கச் சொன்னேன். தம்பி நாற்பது பேரைப் பிடித்து உட்காரவைத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்தான். களைத்தவர்களில் பல பேர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை! எங்களுக்கு ஒரே குஷி. அப்புறம்தான் உறைத்தது, அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சொல் தானாகக் கண்ணில் விழுந்து வாசிக்கப்பட்டால்தானே அது நிறத்தோடு மோதும்? நாங்கள் அளந்தது களைப்பை இல்லை, பள்ளிக்கூடத்தை எத்தனாவதில் விட்டார்கள் என்பதை. அவன் முதல் நாள் கேட்ட கேள்வி அங்கேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. தீசிஸ் எப்படியோ பாஸ் ஆனது, தம்பி அதற்கப்புறம் உளவியல் பக்கமே வரவில்லை.

அதனால் இப்போது முதல் சந்திப்பில் ஒரே ஒரு வேலைதான் கொடுக்கிறேன். ஒரு வாரம் புத்தகம் திறக்கக் கூடாது, கூகுள் கூடாது. வீட்டில், பஸ்ஸில், ஏலக்கூடத்தில், கல்யாண வீட்டில் கண்ணில் பட்டதைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று தோன்றிய பத்து கேள்வியைக் கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். முதல் மூன்று நாலு கேள்விகள் பாடப்புத்தக வாசனை அடிக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறாவதுக்கு மேல்தான் ஆள் வெளியே வருவார்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி 'மீனவப் பெண்களின் மன அழுத்தம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்போடு வந்தாள். இந்தத் தலைப்பில் பாதி இந்தியாவே தீசிஸ் எழுதியிருக்கும். பத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவளுடைய ஏழாவது கேள்வி இது: "அப்பா கடலிலிருந்து திரும்ப நேரமாகி போன் கிடைக்கவில்லை என்றால் அம்மா உடனே டிவியில் நியூஸ் போடுகிறார். போட்டுவிட்டு ஏன் அடுப்படிக்குள் போய்விடுகிறார்?" நியூஸ் ஏன் போடுகிறார் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம், இலங்கைக் கடற்படை எத்தனை போட்டைப் பிடித்தது என்று அதில்தான் முதலில் வரும். ஆனால் போட்டுவிட்டு ஏன் உள்ளே போகிறார்? தெரிந்துகொள்ளவும் வேண்டும், தெரிந்துகொள்ளவும் பயம். அந்த ஒரு கேள்வியில் மன அழுத்தம் என்ற பெரிய சொல்லை விடக் கூடுதல் உளவியல் இருக்கிறது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. தேடிப் பார்த்தபோது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முடிவாகத் தெரியாத இழப்பைப் பற்றி பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களிலிருந்தே எழுதி வந்திருப்பது கிடைத்தது. நிச்சயமில்லாத நிலையை ஒருவரால் எவ்வளவு தாங்க முடியாமல் இருக்கிறது என்று அளக்க 27 கேள்வி உள்ள ஒரு ஸ்கேலும், 12 கேள்வியில் அதன் சுருக்கமும் இருப்பது தெரிந்தது. கடைசியில் ஸ்கேலே வேண்டாம், எட்டுப் பெண்களோடு நிதானமாகப் பேசுவோம் என்று முடிவு செய்தாள். முடிவு அவளுடையது. "ஏன் எட்டு?" என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் என்ன சொல்வாய் என்று மட்டும் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் நிறைய சீனியர்களுக்குத் தயக்கம்: "என் ஏரியாவே வேற, நான் எப்படி கைடு பண்றது?" நீங்கள் கைடு இல்லை. கைடு கல்லூரியில் இருக்கிறார், கையெழுத்து அவருடையது, அவர் சொன்னதை நீங்கள் போனில் மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வது ஜூனியர்தான். கைடு சொன்னது தப்பு என்று பட்டால், அதை ஒரு கேள்வியாக எழுதி அவரிடமே கேட்க ஜூனியருக்குச் சொல்லிக் கொடுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் வேலை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வியைச் சின்னதாக்குவது. அதற்கு அந்த ஏரியா தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் தெரியாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் புரியாததைப் புரியவில்லை என்று நிஜமாகவே கேட்பீர்கள்.

தெரியாத ஏரியாவில் நான் செய்வது, ஒரே கட்டுரையை இருவரும் வாசிப்பதுதான். முன்னுரையை விட்டுவிட்டு நேரே 'யாரிடம் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள்' என்ற பகுதிக்குப் போவோம். 2010-இல் ஹென்ரிச்சும் இன்னும் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை, உளவியல் ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டு ஆட்களிடம் எடுத்துவிட்டு 'மனிதர்கள் இப்படி' என்று பேசுகின்றன என்று போட்டு உடைத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுத வேண்டும்: இந்த ஆய்வில் பதில் சொன்னவருடைய நாற்காலியில் நம் ஊரில் யார் உட்காருவார்? இந்த ஒரு வரியில் பாதி தீசிஸ் கிடைத்துவிடும். அப்புறம் ஷோத்கங்கா தளத்தில் போய் அதே தலைப்பில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் என்னென்ன பிஎச்.டி ஆய்வேடுகள் வந்திருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். இலவசம்தான். காப்பியடிக்க இல்லை, எதையெல்லாம் மறுபடி எழுத வேண்டாம் என்று தெரிந்துகொள்ள.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு எதில் ஆசை, யாருக்கு எது வரும் என்று. கீழக்கரைத் தங்கச்சி ஒருத்திக்கு ஞாபகத்தில் ஆசை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பித்தவர்களிடம் பேச வேண்டும் என்றாள். அப்போது பத்து வயதுப் பிள்ளை இன்றைக்கு எழுபதைத் தாண்டியிருப்பார், அதனால் தள்ளிப்போட முடியாத வேலை. ஆனால் "என்ன நடந்தது?" என்று கேட்டால் அது வரலாறு. அறுபது வருடமாக அதே கதையைப் பேரப்பிள்ளைகளுக்கும் டிவிக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது எது, தான் பார்த்தது எது என்று கலந்துபோயிருக்கும். அந்தக் கலப்புதான் உளவியல். பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-லேயே சொன்ன விஷயம், ஞாபகம் என்பது எடுத்துவைத்த படம் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது. இவளுக்கு நேர்காணல் நன்றாக வரும், எண்கள் வராது. தேவிபட்டினத்துத் தம்பி ஒருவன் தூக்கம் பற்றி எடுத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எண்கள் தண்ணீர் பட்ட பாடு, பேசச் சொன்னால் வாய் திறக்காது. நான் செய்தது ஒருவர் போன் நம்பரை மற்றவருக்குக் கொடுத்ததுதான். அவன் அவளுக்கு எக்செல் கற்றுக்கொடுத்தான், அவள் அவனை ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரக் கற்றுக்கொடுத்தாள். இரண்டையுமே நான் கற்றுக்கொடுத்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

இனி கேள்வித்தாள். இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள், கெட்டுப்போவது முக்கால்வாசி இங்கேதான்.

ஜூனியர்கள் ஆங்கில ஸ்கேலை எடுத்து போனில் தமிழாக்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். மனச்சோர்வை அளக்கும் பழைய ஸ்கேல் ஒன்றில், குடும்பத்தார் உதவினாலும் 'புளூஸ்' என்னைவிட்டுப் போகவில்லை என்கிற மாதிரி ஒரு கேள்வி உண்டு. புளூஸ் என்றால் ஆங்கிலத்தில் மனவாட்டம். என்னிடம் வந்த தாளில் அது 'குடும்பத்தினர் உதவியுடனும் நீலங்களை உதற முடியவில்லை' என்று இருந்தது. வலையை உதறத் தெரியும் எங்கள் ஊரில், நீலத்தை எங்கே போய் உதறுவது? தமிழில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கும், கேள்வி தப்பாகப் போய் விழும். மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று ஒன்று, ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து 3 வரை போட்டு மொத்தம் 27. எளிதாக இருப்பதால் எல்லாரும் அதையே எடுப்பார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மாவிடம் ஒரு ஜூனியர் அதை வாசித்துக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் இருந்தேன். தூக்கம் பற்றிய கேள்வி வந்தது. அந்த அம்மா விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். பாறை கிழித்த கீறல், அதில் உப்புத் தண்ணீர். "இது எரியுற அன்னைக்குத் தூக்கம் ஏதும்மா? மனசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" ஜூனியர் தாளில் 3 போட்டிருந்தாள். தாளின்படி அந்த அம்மா கொஞ்சம் கூடுதலாகச் சோர்ந்தவர் ஆகிவிட்டார். ராத்திரி கடலுக்குப் போகிறவர்களும் அதே கேள்வியில் இப்படித்தான் மாட்டுவார்கள்.

அதனால் நிஜ சாம்பிளுக்குப் போகும் முன்னால் நாலைந்து பேரிடம் பதில் கேட்காமல், "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள். அதில் கிடைப்பதை அப்படியே எழுதிவைத்தால் வைவாவில் ஒரு அத்தியாயமே பேசலாம். 'பாதி நாட்களுக்கு மேல்', 'ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்' மாதிரி படிகள் எங்கள் பெரியவர்களுக்குப் பிடிபடாது. அஞ்சு டம்ளரில் ஏறுவரிசையில் தண்ணீர் ஊற்றி வைத்து எது என்று தொடச் சொன்னால் சட்டென்று தொட்டுவிடுவார்கள். ஸ்கேலை இப்படி மாற்றினால் மாற்றினோம் என்று தீசிஸில் எழுத வேண்டும், மறைக்கக் கூடாது.

பிஎச்க்யூ-9-இல் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியதா என்பது. இதில் சீனியர் கண்டிப்பாக இருக்க வேண்டும். "ஆமாம்" என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிஷம் என்ன செய்வாய், யாரைக் கூப்பிடுவாய் என்று ஜூனியர் எழுதிக் காட்டாமல் அந்தத் தாள் வெளியே போகக் கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எந்த பஸ், எந்த நேரம் என்பது வரைக்கும் கையில் இருக்க வேண்டும். அந்த அளவு தயார் இல்லையென்றால் ஒன்பதாவதை எடுத்துவிட்ட பிஎச்க்யூ-8 இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளட்டும். கேட்டுவிட்டு, டிக் அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவது மட்டும் கூடாது.

ஏர்வாடி. வருடா வருடம் யாராவது ஒருவர் "அக்கா, ஏர்வாடி தர்கால பண்ணவா?" என்று கேட்பார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்களோடு சேர்த்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. தர்காவுக்கு வருகிறவர்கள் பிரார்த்தனையோடு மருந்தும் எடுத்துக்கொள்ளும்படி அரசின் 'தவா-துவா' ஏற்பாடும் அங்கே உண்டு. ஆகவே ஆய்வு செய்ய நிறையவே இருக்கிறது. ஆனால் எம்.எஸ்சி மாணவர் ஆறு மாத பிராஜெக்டுக்காக அங்கே கேள்வித்தாளோடு போய் நிற்பதை நான் ஆதரிப்பதில்லை. சம்மதம் சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்று முடிவு செய்ய உங்களுக்கும் பயிற்சி இல்லை, ஜூனியருக்கும் இல்லை. நோயாளியை விட்டு, கூட்டிக்கொண்டு வந்த குடும்பத்தாரிடமோ, சுற்றிக் கடை வைத்திருப்பவர்களிடமோ பேசலாம், அதுவும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்த பிறகு. "இவ்வளவு பக்கத்துல இருக்கே அக்கா" என்பார்கள். பக்கத்தில் இருப்பதால்தான் கூடுதல் கவனம், நாளைக்கு அதே பஸ் ஸ்டாண்டில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

கடற்கரையில் டேட்டா எடுக்க நாள் பார்ப்பது ஒரு தனி வித்தை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்காரர்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள், ஜூனியருக்கும் லீவு. அருமையான நேரம் என்று தோன்றும். ஆனால் வருமானம் இல்லாத மாதத்தில் போய் மனநிலையை அளந்தால் நீங்கள் அளப்பது தடைக்காலத்தை. அதுதான் கேள்வி என்றால் சரி, இல்லையென்றால் தடை முடிந்து மறுபடி ஒரு தடவை போக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு, அந்த நேரத்தில் தாளும் பேனாவுமாக யார் தெருவில் நுழைந்தாலும் நிவாரணத்துக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பதில்கள் அதற்கேற்ப வளையும், கஷ்டம் கொஞ்சம் கூடும். முதல் வாக்கியமே "இது நிவாரணக் கணக்கு இல்லைங்க, என் படிப்புக்கு, இதனால உங்களுக்குப் பணம் எதுவும் வராது" என்றிருக்கட்டும். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

உங்களுக்கும் ஜூனியருக்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும். நேர்காணல் எடுத்துவிட்டு வந்த தங்கச்சி அழுதாள், அவள் அப்பாவும் ஒரு தடவை பிடிபட்டு மாதக்கணக்கில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். கேட்டுக்கொண்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன், அந்த வாரம் வேலை வேண்டாம் என்றேன். ஆனால் கவுன்சிலிங் செய்யவில்லை. உளவியல் படிக்கிறவர்களுக்கு இது கையரிப்பு மாதிரி, யார் அழுதாலும் உடனே சிகிச்சை ஆரம்பித்துவிடுவோம். நீங்கள் அவளுக்கு அக்கா, சிகிச்சையாளர் இல்லை, அவள் கல்லூரியிலேயே ஆலோசகர் இருந்தால் அங்கே அனுப்புங்கள். அதேபோல் ஜூனியரின் தீசிஸிலிருந்து கட்டுரை வந்தால் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். போனில் திருத்தம் சொன்னதற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும்.

நேரமும் கணக்காக இருக்கட்டும். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம், முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தால் மட்டும். கடற்கரையில் நின்றுகொண்டு காற்று இரைச்சலோடு அனுப்பும் ஆறு நிமிஷ வாய்ஸ் மெசேஜுக்கு நான் பதில் சொல்வதில்லை.

படிப்பு, வேலை பற்றியும் கேட்பார்கள். எம்.எஸ்சி முடித்தால் மட்டும் மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும் என்பதை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். தபால் வழியில் உளவியல் படிக்கலாம் என்று நினைத்திருக்கும் அக்காக்கள் இங்கே நிறைய, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர, ஆன்லைன் வழியில் உளவியல் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்தச் சொல்லிவிட்டது, பழைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடப் போகிறார்கள். ஆய்வில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நெட் தகுதித் தேர்வு, ஜே.ஆர்.எஃப் ஆய்வு உதவித்தொகை பற்றிச் சொல்லுங்கள், தேர்வு வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் வரும்.

கடைசியாக ஒன்று. தீசிஸ் பைண்டிங்குக்குப் போகும் முன்னால், கண்டுபிடித்ததை ஒரே பக்கத்தில் பேச்சுத் தமிழில் எழுதி, பதில் சொன்னவர்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முடித்த பிறகு இல்லை, முடிக்கும் முன்னால். தங்கச்சிமடத்துத் தங்கச்சி அப்படிப் போனாள். 'செய்தியைத் தவிர்ப்பதன் மூலம் பயத்தைக் கையாளுகிறார்கள்' என்று எழுதியிருந்ததை எளிதாக்கி வாசித்தாள். எட்டுப் பேரில் வயதில் மூத்தவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தவிர்க்கல்லாம் இல்ல புள்ள, டிவி சத்தம் அடுப்படிக்குக் கேக்கும். முகத்த மட்டும் புள்ளைங்க பாத்துரக் கூடாது, அதுக்குத்தான் உள்ள போறது" என்றாராம். அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது: "அக்கா, நாலாவது அத்தியாயத்த மறுபடி எழுதணும்."